கேட்டுப்பாருங்க: இந்த வாரம் பூரா இன்ரியா

போன மாசம் ஒரு பதில்ல போறபோக்குல 'இன்ரியா'ன்னு ஒரு பேரைச் சொல்லிட்டுப் போயிட்டேன், பிரான்ஸ் அரசாங்கம் நடத்துற கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்ளைடு மேத்ஸ் ஆராய்ச்சி நிலையம்னு. அதுக்கப்புறம் வர்ற வாட்ஸ்அப்ல பாதி அதைப் பத்தித்தான். சரி, வீட்டு வாடகைச் சண்டை, கல்யாண மண்டப டெபாசிட் எல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

செந்தூல் காலேஜ் மாணவி: அசைன்மென்ட்டுக்கு சைக்கிட்-லேர்ன்னு, டேட்டாவைக் காட்டிக் கம்ப்யூட்டரைக் கத்துக்க வைக்கிற ஒரு சாஃப்ட்வேர் யூஸ் பண்றோம். அது பிரெஞ்சு அரசாங்கத்தோட சாமான்னு லெக்சரர் சொல்றாரு. ஓசியா ஏன் கொடுக்கறாங்க, உள்ள ஏதும் வில்லங்கம் இருக்குமா?

வில்லங்கம் ஒன்னும் இல்லமா, கோடு மொத்தமும் வெளியதான் கிடக்கு, சந்தேகம் இருந்தா நீயே திறந்து படிக்கலாம். லெக்சரர் சொன்னது முக்கால்வாசி சரி. 2007-ல டேவிட் கூர்னபோன்னு ஒருத்தர் கூகுள் சம்மர் ஆஃப் கோடுங்கற கோடு எழுதற திட்டத்துக்காக ஆரம்பிச்சது அது. 2010-ல இன்ரியாவுல மூளை ஸ்கேன் படங்களை அலசுற ஒரு டீம் அதைக் கையில எடுத்து, அந்த பிப்ரவரியில முதல் ரிலீஸ் விட்டாங்க. அவங்க ஆராய்ச்சிக்கு அது தேவைப்பட்டுச்சு, யாரையோ சந்தோஷப்படுத்தணும்னு செஞ்சதில்ல. நீ அசைன்மென்ட்ல கவனிச்சிருப்ப, பெரும்பாலும் எந்த அல்காரிதம் எடுத்தாலும் முதல்ல ஃபிட் (டேட்டாவைக் கத்துக்கறது), அடுத்து பிரெடிக்ட் (பதிலைக் கணிக்கறது), அவ்ளோதான், அல்காரிதத்தை மாத்தினாலும் மிச்ச கோடுல பெருசா கை வைக்க வேணாம். இந்த ஒழுங்குதான் என்னைக் கேட்டா அதுல இருக்கிற பெரிய புத்திசாலித்தனம், உள்ள இருக்கிற கணக்கை விட.

ஓசி ஏன்னா, கோடு எழுதின பல பேருக்கு சம்பளம் பொதுப்பணத்துல போயிடுச்சு. லைசன்ஸ் பிஎஸ்டின்னு ஒரு தாராளமான வகை, அதனால கம்பெனிக்காரன் விக்கிற சாமானுக்குள்ள கூட வச்சிக்கலாம், யாரும் காசு கேக்க மாட்டாங்க. பதிலுக்கு உலகம் பூரா இருக்கிறவங்க தப்பைக் கண்டுபிடிச்சு, திருத்தியும் அனுப்பறாங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர், டெலிகாம்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர்: இன்டர்நெட்டைக் கண்டுபிடிச்சது பிரெஞ்சுக்காரன்னு மருமகன் சாதிக்கிறான். அமெரிக்காக்காரன் இல்லையா?

ஐயா, ரெண்டு பேரும் பாதிப் பாதி ஜெயிச்சிட்டீங்க. கதை கொஞ்சம் நீளம், பொறுமையா கேளுங்க.

1964-ல பிரான்ஸோட பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி புல் அமெரிக்காவோட ஜெனரல் எலெக்ட்ரிக் கைக்குப் போச்சு. அதே காலத்துல பிரெஞ்சு அணுசக்தித் துறை பெரிய அமெரிக்க கம்ப்யூட்டர் ஒன்னு வாங்கப் பாத்தா வாஷிங்டன் ஏற்றுமதி லைசன்ஸ் தர முடியாதுன்னுட்டான். பிரெஞ்சு அதிபர் டி கோல் சும்மா இருப்பாரா? 1966-ல 'பிளான் கால்குல்'னு ஒரு தேசியத் திட்டம், அதுல ஒரு பகுதியா 1967-ல இந்த இன்ரியா நிலையம், பாரிஸ் பக்கத்துல ரோகன்கூர்ல, நேட்டோ படைத்தலைமையகம் காலி பண்ணிட்டுப் போன இடத்துல ஆரம்பிச்சாங்க. ஆக கோவத்துல பொறந்த நிலையம்தான், அதுல தப்பு ஒன்னும் இல்ல.

அங்க 70-கள் ஆரம்பத்துல லூயி பூசான்னு ஒருத்தர் 'சிக்ளாட்'னு ஒரு நெட்வொர்க் கட்டினாரு. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் அமெரிக்காவுல அதுக்கு முன்னாடியே ஓடிட்டுத்தான் இருந்துச்சு, ஆனா அதுல பாக்கெட் (துண்டு துண்டா அனுப்பற டேட்டா) ஒழுங்கா, வரிசையா போய்ச் சேர்ற பொறுப்பு நெட்வொர்க் தலையில. பூசான் அதைத் தூக்கி ரெண்டு முனையில இருக்கிற கம்ப்யூட்டர் கிட்ட கொடுத்துட்டாரு. நெட்வொர்க் தபால்காரன் மாதிரி ஒவ்வொரு பாக்கெட்டையும் விலாசம் பாத்துத் தனித்தனியாக் கொண்டு போடும், முன்னப்பின்ன வந்தாலோ ஒன்னு தொலைஞ்சாலோ வாங்கறவன்தான் அடுக்கிக்கணும், இல்லாட்டி திரும்பக் கேட்டுக்கணும். டேட்டாகிராம்னு சொல்றது இதைத்தான். அமெரிக்காவுல விண்ட் செர்ஃபும் பாப் கானும் இன்டர்நெட்டோட அடிப்படை விதிமுறையான டிசிபி எழுதறப்ப இந்த யோசனையை எடுத்துக்கிட்டாங்க, சிக்ளாட் டீம்ல இருந்த ஜெரார் லெ லான் ஸ்டான்ஃபோர்டுக்கே போய் செர்ஃபோட வேலை செஞ்சவரு.

அப்புறம் என்ன ஆச்சு? நீங்க டெலிகாம்ஸ்காரர், கோவிச்சுக்காதீங்க. பிரெஞ்சு தபால்-தந்தி இலாகாவுக்கு இது பிடிக்கல. ஃபோன் லைன் மாதிரி முனையிலேருந்து முனைக்கு ஒரு சர்க்யூட் இருக்கணும், அது அவங்க கையில இருக்கணும். எக்ஸ்.25-ங்கற விதிமுறை அப்படித்தான், உங்களுக்கு நான் விளக்கணுமா. 1978-ல அவங்க அந்த முறையில டிரான்ஸ்பாக்னு சொந்த நெட்வொர்க் திறந்தாங்க, சிக்ளாட்டுக்குப் பணம் வத்திப் போச்சு, கடைசியில மூடிட்டாங்க. நாடே காசு போட்டு வளர்த்த யோசனையை அதே நாட்டோட இன்னொரு இலாகா குழி தோண்டிப் புதைச்சிருச்சு, ஆனா யோசனை மட்டும் கடல் தாண்டிப் பொழைச்சிக்கிச்சு. 2013-ல குயின் எலிசபெத் எஞ்சினியரிங் பரிசு முதல் தடவை கொடுத்தப்ப செர்ஃப், கான், வெப்பைக் கண்டுபிடிச்ச பெர்னர்ஸ்-லீ, மொசைக் பிரவுசர் செஞ்ச ஆண்ட்ரீசன் கூட பூசானுக்கும் பங்கு. மருமகன் கிட்ட இந்தப் பேரைச் சொல்லுங்க, ஆனா கண்டுபிடிச்சது பிரான்ஸ்னு மட்டும் ஒத்துக்காதீங்க.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி எஞ்சினியர்: பக் இல்லாத சாஃப்ட்வேர் சாத்தியமா? எங்க மேனேஜர் கேக்கறாரு, எங்களுக்கு சிரிப்பு வருது.

முழுசா இல்ல, ஆனா சிரிக்காதீங்க தம்பி. 1996 ஜூன் 4, ஆரியான் 5 ராக்கெட் முதல் தடவை கிளம்பி 40 வினாடியில வெடிச்சுச்சு. காரணம், ராக்கெட்டுக்கு வழி பாத்துச் சொல்ற யூனிட்டோட சாஃப்ட்வேர்ல ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக் கன்வெர்ட் பண்ற ஒரு இடம். 16 பிட்ல 32,767-க்கு மேல தாங்காது, ஆரியான் 4-ல அந்த நம்பர் அவ்ளோ பெருசா வரவே வராது, புது ராக்கெட் பறக்கிற பாதை வேற, வந்துச்சு. அவசரத்துக்கு வச்சிருந்த மாத்து யூனிட்லயும் அதே சாஃப்ட்வேர்தான், அதனால அதுவும் அதே காரணத்துல படுத்துச்சு. கொடுமை என்னன்னா, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பினதுக்கு அப்புறம் தேவையே இல்லாதது. விசாரணைக் குழுத் தலைவர் ஜாக்-லூயி லியோன்ஸ், பெரிய அப்ளைடு மேத்ஸ் ஆளு, 80-கள்ல இன்ரியாவுக்கே தலைவரா இருந்தவரு.

டெஸ்ட் பண்ணா தப்பு இருக்கறதைக் காட்டலாம், தப்பு இல்லன்னு காட்ட முடியாது. அதுக்கு கணக்குல போடற மாதிரி ப்ரூஃப் வேணும். இன்ரியா 80-கள்லேயே கோக்னு ஒரு சாஃப்ட்வேர் ஆரம்பிச்சுச்சு, இப்ப பேரை ரோக்னு மாத்திட்டாங்க, அதுல ப்ரூஃப் எழுதினா கம்ப்யூட்டரே வரிவரியா சரிபாக்கும். அதை வச்சு சேவியர் லெரா டீம் காம்ப்சர்ட்னு ஒரு சி கம்பைலர் செஞ்சாங்க, நீங்க எழுதினதை மெஷின் கோடா மாத்தறப்ப அர்த்தம் மாறாதுன்னு ப்ரூஃபோட வர்றது. உங்க சொந்த கோடுல இருக்கிற தப்பை அது திருத்தாது, மேனேஜர் கிட்ட அதையும் சொல்லிடுங்க.

கிள்ளான் வாசகர்: நம்ம மலேசியாவுல இந்த மாதிரி நிலையம் இல்லையா?

மிமோஸ்னு அரசாங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கே, 1985-ல ஆரம்பிச்சது, இப்ப புக்கிட் ஜாலில்ல இருக்கு. ஜாரிங் இன்டர்நெட்டோட டயல்-அப் சத்தம் ஞாபகம் இருக்கா, அதைக் கொண்டு வந்தது அவங்கதான். மேத்ஸுக்கு யுபிஎம் யுனிவர்சிட்டியில இன்ஸ்பெம்னு கணித ஆராய்ச்சி நிலையம் இருக்கு. நல்ல ஆளுங்க இருக்காங்க, ஆனா பத்து வருஷம் தொந்தரவு பண்ணாம விடற வழக்கம்தான் நம்ம பக்கம் குறைச்சல்னு எனக்குத் தோணுது.

பட்டர்வொர்த் அம்மா: பையன் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டான், மேத்ஸ் படிக்கணுங்கறான். மேத்ஸ் படிச்சா வாத்தியார் வேலைதான்னு அவன் மாமா சொல்றாரு. அந்த பிரான்ஸ் இடத்துல நம்ம பிள்ளைங்களைச் சேப்பாங்களா?

அக்கா, மொத விஷயம், இன்ரியா யுனிவர்சிட்டி இல்ல, டிகிரி கொடுக்காது. பையன் இங்கயே டிகிரி முடிக்கட்டும், வேற எங்கயோ இல்லாட்டி பினாங்குல இருக்கிற யுஎஸ்எம் யுனிவர்சிட்டி, பாலத்தைத் தாண்டினா போதும். அப்புறம் மாஸ்டர்ஸ், கடைசி செமஸ்டர்ல அங்க ஒரு டீம்ல இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதலாம், பிஎச்டின்னா ஒரு யுனிவர்சிட்டியில பேரைப் பதிஞ்சிட்டு வேலையை இன்ரியா டீம்ல செய்வாங்க, வழக்கமா மூனு வருஷக் கான்ட்ராக்ட், சம்பளத்தோட. நிரந்தர ஆராய்ச்சியாளர் வேலைக்குக்கூட பிரெஞ்சுக் குடியுரிமை கேக்கறதில்ல, போட்டித் தேர்வுதான். ஆய்வுக் கட்டுரை எல்லாம் இங்கிலீஷ்தான், ஆனா வீடு வாடகைக்கு எடுக்க, டாக்டரைப் பாக்க பிரெஞ்சு வேணும், அதைச் சொல்லிக்கொடுக்க பினாங்குலயே அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கு.

மாமா கிட்ட பையனோட மேத்ஸ் டி சிலபஸைக் காட்டுங்க. முதல் செமஸ்டர் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, ரெண்டாவது கால்குலஸ், மூனாவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். மேல செந்தூல் பொண்ணு கேட்ட சாமானுக்குள்ள ஓடறது இந்த மூனோட தொடர்ச்சிதான். அரசாங்க யுனிவர்சிட்டியில சேர்றதுக்கான யுபியு அப்ளிகேஷன் தேதியை மட்டும் விட்டுடாதீங்க.