ஓமோட்டோவின் தெகுச்சி நாவோ: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பானிய ஓமோட்டோ சமயத்தைத் தொடங்கிய நாவோ, துறவறம் பூண்டவரா?

பதில்: இல்லை. 1837-இல் ஃபுகுச்சியாமாவில் பிறந்து, அயாபேயில் ஒரு தச்சருடன் குடும்பம் நடத்தி, பெற்ற பதினொரு பிள்ளைகளில் மூவரைக் கைக்குழந்தைகளாகவே பறிகொடுத்தவர். 1887-இல் கணவரும் இறந்துவிட, கந்தலும் பழைய தாளும் பொறுக்கி விற்றுப் பிழைத்தார்.

கேள்வி: அவர்மீது இறங்கியது எந்தத் தெய்வம்?

பதில்: 1892 தொடக்கத்தில் வந்திறங்கியது ‘உஷிதோரா நோ கோன்ஜின்’. வடகிழக்குத் திசைக்குரிய இந்தத் தெய்வத்துக்கு அஞ்சி, அத்திசை நோக்கி வீடு கட்டவோ குடிபெயரவோ மக்கள் தயங்கிய காலம் அது. அந்தத் தெய்வமே உண்மையான மூலக்கடவுள் என்றும், ஒதுக்கிவைக்கப்பட்ட அது உலகைப் புதுப்பிக்கத் திரும்பிவிட்டது என்றும் நாவோ உரக்க அறிவித்தார். மறு ஆண்டு தீவைப்புச் சந்தேகத்தில் பிடிபட்டு, விடுதலையான பின்பும் ஏறத்தாழ 40 நாள் ஓர் அறைக்குள் அடைத்துவைக்கப்பட்டார். எழுத்தறியாத அவர் அங்கிருந்த தூணில் ஓர் ஆணியால் எழுத்துகளைக் கீறத் தொடங்கினார் என்பது சமய மரபு.

கேள்வி: ‘ஓஃபுதேசாகி’ என்பது அந்த எழுத்துதானா?

பதில்: அதன் தொடர்ச்சி. பிற்பாடு தூரிகையால், பெரும்பாலும் ஹிராகானா எழுத்துகளில், ஏறத்தாழ 2,00,000 தாள்கள் எழுதினார். ஒலியை மட்டுமே காட்டும் அவ்வெழுத்தில் ஒரே சொல்லுக்குப் பல பொருள் கொள்ள இடமுண்டு. மருமகன் ஒனிசாபுரோ அதற்குக் காஞ்சி (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் காட்டும் கஞ்ஜி) எழுத்துகளை இட்டு 1917 முதல் வெளியிட்டார். எந்தக் காஞ்சியை இடுவது என்று தீர்மானிப்பவரே பொருளையும் தீர்மானிக்கிறார் என்பதால், நாம் அச்சில் படிக்கும் நாவோவில் பாதி ஒனிசாபுரோ என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இருவரும் ஒத்துப்போனார்களா?

பதில்: எளிதில் இல்லை. 1900-இல் கடைசி மகள் சுமியை மணந்த அவரோடு நாவோவுக்குக் கோட்பாட்டுப் பூசல் மூண்டது. 1906-இல் ஒனிசாபுரோ கியோட்டோவுக்குப் படிக்கப் போய்விட்டுப் பின்னரே திரும்பினார். நாவோ பெண்ணுடலில் உறையும் ஆண் ஆவி, ஒனிசாபுரோ ஆணுடலில் உறையும் பெண் ஆவி என்ற விளக்கம்தான் இருவருக்கும் இடம் கொடுத்தது.

கேள்வி: அரசின் அடக்குமுறையை நாவோ நேரில் கண்டாரா?

பதில்: 1921-இல் ஓமோட்டோமீது காவல்துறை பாய்ந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1918 நவம்பரிலேயே மறைந்துவிட்டார். ஆயினும் அவரைச் சும்மா விடவில்லை: கல்லறை பேரரசரின் சமாதியைப் போலிருக்கிறது என்று சொல்லி, அதை மாற்றிக் கட்டும்படி உத்தரவிட்டார்கள்.