கத்தரித்த பக்கம்

கேள்வி: 1984இல், பதினொரு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவள் நான். 'ஜஸ்ட் செவன்டீன்' பத்திரிகையில் பெண்கள் போட்டிருந்த வண்ண வண்ண ஸ்வெட்டர்கள்தான் அப்போது என் கனவு. பெனட்டன் கம்பெனி ஸ்வெட்டர் வாங்க வீட்டில் வசதியில்லை. இப்போது ஞாயிறுதோறும் கார் பூட் சேலில் (காரில் கொண்டுவந்து பழைய பொருள் விற்கும் சந்தையில்) அந்தக் காலத்து இதழ்களையும் ஸ்வெட்டர்களையும் தேடி வாங்குகிறேன். அறுபது ஸ்வெட்டர் சேர்ந்துவிட்டது. கணவர் பைத்தியம் என்கிறார். இளவரசி டயானா போட்ட, செம்மறியாட்டுப் படமுள்ள ஸ்வெட்டர் 2023இல் 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதைச் சொன்னாலும் கேட்பதில்லை. சின்ன வயதிலிருந்து என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டு இதழ் ஒன்றுதான். அதிலும் ஒரு பக்கத்தை அம்மா கத்தரித்துவிட்டார், மதிப்பே போய்விட்டது. அந்தக் குளிருக்கு அவர் பின்னித் தந்ததை ஒரே நாள் போட்டேன், பள்ளியில் சிரித்தார்கள். அம்மா இப்போது ஹாரோவில் அண்ணனோடு இருக்கிறார், மாதம் ஒருமுறை பார்க்கிறேன். கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: தங்கச்சி, உங்கள் கணவரை விடுங்கள். அந்தக் கத்தரித்த பக்கத்தில் என்ன இருந்தது?

அம்மா பக்கத்தை வெட்டினார் என்று ஒரு வரி. அதே குளிருக்கு ஸ்வெட்டர் பின்னித் தந்தார் என்று அடுத்த வரி. இரண்டையும் உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நாற்பது வருடமாக உங்களுக்குத் தோன்றவே இல்லையா? மகள் எந்தப் படத்தை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாளோ அதைத்தான் அவர் வெட்டியிருப்பார்.

ஸ்வெட்டரே தேவைப்படாத ஊரில் வளர்ந்தவர் அவர். படத்தை மட்டும் பார்த்துப் பின்னுவது எவ்வளவு பாடு தெரியுமா? நடுத்தரக் கம்பளி நூலில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கே சுமார் 22 கண்ணி வரும். கட்டம் கட்டமாக நிறம் மாறும் ஸ்வெட்டர் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூலுருண்டை தொங்கும். நிறம் மாறுகிற இடத்தில் இரண்டு நூலையும் முறுக்கிவிட மறந்தால் ஓட்டை விழும். பின்னி முடித்த பிறகும் உள்பக்கம் தொங்குகிற நுனிகளை எல்லாம் ஊசியில் கோத்துச் செருக வேண்டும்.

பெனட்டன், பெனட்டன் என்று ஏங்கினீர்களே, அதுவும் ஒரு வீட்டில் தொடங்கியதுதான். இத்தாலியின் த்ரெவீசோவில் தங்கை ஜூலியானா பின்னினார், அண்ணன் லூச்சானோ விற்றார். பின்னல் இயந்திரம், அதுவும் பழையது, வாங்கத் தம்பியின் சைக்கிளை விற்றார்கள். 1965இல்தான் அது கம்பெனி ஆனது. உங்கள் அம்மாவுக்கு விற்றுத் தர யாரும் இல்லை. போட்டுக்கொள்ள நீங்கள் ஒருத்திதான் இருந்தீர்கள்.

பதின்மூன்று வயதில் மற்றப் பிள்ளைகள் சிரித்ததால் கழற்றியதை நான் குறை சொல்லவில்லை. அந்த வயது அப்படி. ஆனால் 52 வயதில், யார் யாரோ அம்மாக்கள் பின்னியதை ஞாயிறுதோறும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, பெற்றவளை மாதம் ஒருமுறை பார்ப்பதைக் குறை சொல்வேன். சத்தமாகவே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்களுக்கு உரியது. அண்ணன் பார்த்துக்கொள்கிறார் என்பது அண்ணனுடைய கடமைக்குப் பதில், உங்களுடையதற்கு இல்லை.

அப்புறம், அறுபதுக்குக் கணக்கு வைத்திருக்கிற நீங்கள் அந்த ஒன்று இப்போது எங்கே என்று எழுதவில்லை. இருந்தால் எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், செருகிய நுனிகளை எண்ணுங்கள். தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் அதை அம்மாவிடமே சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு அந்த 1986 இதழை எடுத்துக்கொண்டு ஹாரோ போங்கள். வெட்டிய இடத்தைக் காட்டி, இதில் என்ன இருந்தது அம்மா என்று கேளுங்கள். அவர் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றுவார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கேளுங்கள்.