கணவர் சம்மதிக்காவிட்டாலும் பஸஹ் கேட்கலாம்

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. கணவர் இரண்டு வருடமாகச் செலவுக்குத் தருவதில்லை, காதியாரோ (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி) "அவர் சம்மதித்தால் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 28ஆம் பிரிவே, கணவரின் சம்மதமில்லாமல் மனைவி பஸஹ், அதாவது கணவரின் குற்றத்தைக் காட்டிப் பெறும் விவாகரத்து, கேட்கலாம் என்கிறது. தாபரிக்காமல் விட்டது அதற்குப் போதுமான காரணம்.

முதலில் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் நாளைக்கு நீங்கள் வரவே இல்லை என்பார்கள். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி உங்களுக்காக ஆஜராக முடியாது, அதனால் நடந்ததைத் திகதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். அவர் செலவுக்குத் தராததை நேரில் அறிந்தவர்களைச் சாட்சிக்கு அழையுங்கள்.

தாபரிப்பை, அதாவது செலவுப் பணத்தை, இப்போதே தனியாகக் கேளுங்கள், பஸஹ் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கட்டளை கிடைத்தும் அவர் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம். அப்புறம் கைக்கூலி, அதாவது கல்யாணத்துக்காகப் பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுப்பது. வாப்பா மாப்பிள்ளை கையில் கொடுத்த காசும் அசையும் பொருளும் உங்களுக்காகக் கொடுத்தவை, திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுடையது. வீடு, காணி இதில் அடங்காது. அதற்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம் என்று அதே சட்டம் சொல்வதால், இந்த விசயங்களை ஆண்கள் முன்னால் பேசுவது எவ்வளவு கூச்சம் என்று புரிகிறது. நம் பெண்களுக்கு இது பெரிய அநியாயம். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.