ஸ்டென்ட் வைத்த பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன்: வைப்புத்தொகையை முறிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 53 வயது. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, அடைபட்ட தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது ரத்தக்குழாய்க்கு உள்ளே படம் எடுத்ததற்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் தர மறுத்துவிட்டது. மற்றத் தமனிகளிலும் சிறு கொழுப்புப் படிவுகள் இருப்பதாக அறிக்கையில் உள்ளது. அவை வளர்கின்றனவா என்று ஆண்டுதோறும் சிடி ஆஞ்சியோ என்ற ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். அதற்காக மகளின் படிப்புக்கான வைப்புத்தொகையை முறிக்கலாமா? மறுக்கப்பட்ட தொகையை விட்டுவிடுவதா?

பதில்: மறுக்கப்பட்ட தொகையை விட்டுவிடாதீர்கள், வைப்புத்தொகையிலும் கை வைக்காதீர்கள். இரண்டும் இதயத் தமனியைப் படமெடுக்கும் செலவுதான் என்றாலும், முதலாவது சிகிச்சையின் ஒரு பகுதி, இரண்டாவது பெரும்பாலும் மன ஆறுதலுக்கானது.

சாதாரண ஆஞ்சியோகிராமில் சாயம் ஓடும் பாதையின் அகலம் மட்டுமே தெரியும். தமனிச் சுவருக்குள் படிந்திருப்பது தெரியாது. அதற்காகத்தான் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, ஒலியலையால் பார்க்கும் ஐவஸ் முறையையோ ஒளியால் பார்க்கும் ஓசிடி முறையையோ பயன்படுத்துகிறார்கள். ஓசிடி படத்தில் தமனியின் குறுக்குவெட்டு வட்டமாகவும், ஸ்டென்டின் கம்பிகள் அந்த வட்டத்தின் ஓரத்தில் பின்னால் நிழல் விழும் வெளிச்சப் புள்ளிகளாகவும் தெரியும். ஒரு புள்ளி சுவரை ஒட்டாமல் விலகி நின்றால், மருத்துவர் அங்கேயே பலூனை மறுபடி விரித்துச் சரிசெய்ய முடியும். 2023இல் வெளியான ரெனோவேட் காம்ப்ளெக்ஸ் பிசிஐ ஆய்வில், சிக்கலான அடைப்புள்ள 1,639 பேர் பங்கேற்றனர். இதய நோயால் மரணம், அதே தமனியில் மாரடைப்பு அல்லது மறுசிகிச்சை ஆகியவற்றில் ஒன்று, உள்ளே படம் பார்த்து ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் 7.7 சதவீதத்தினருக்கும், ஆஞ்சியோகிராமை மட்டும் பார்த்து வைக்கப்பட்டவர்களில் 12.3 சதவீதத்தினருக்கும் நேர்ந்தது. எனவே இதை ஆடம்பரச் செலவு என்று எவரும் தள்ளிவிட முடியாது.

இந்தக் கதீட்டர் ஒருமுறை மட்டுமே பயன்படுவதால், பில்லில் பல சமயம் கையுறை, ஊசி போன்ற நுகர்பொருள்களின் வரிசையில் ஏறிவிடுகிறது. கிளெய்மைப் பரிசீலிப்பவரின் பேனா முதலில் பாய்வதும் அந்த வரிசையின் மேல்தான். பாலிசியின் எந்த விதியின்கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு இதய மருத்துவரிடம், எந்தத் தமனியில், ஏன் படமெடுத்தார், அதைப் பார்த்தபின் என்ன செய்தார் என்று குறிப்பிடும் கடிதம் ஒன்றைப் பெற்று, டிஸ்சார்ஜ் சம்மரியுடன் இணைத்து, கெடு முடிவதற்குள் மறுபரிசீலனை கோருங்கள். "படத்தைப் பார்த்தபின் என்ன செய்தார்" என்ற வரி இல்லாத கடிதத்தால் பெரிய பயன் இராது.

உறவினர்களின் கவலையும் வெறும் பயமல்ல. 2011இல் வெளிவந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வில், சிகிச்சை முடிந்த 697 பேரின் இதயத்தின் மூன்று முக்கியத் தமனிகளையும் உள்ளே படமெடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று ஆண்டுகளில் 12.9 சதவீதத்தினருக்குச் சிகிச்சை செய்த இடத்திலும், 11.6 சதவீதத்தினருக்கு வேறு இடங்களிலும் மீண்டும் பிரச்சினை எழுந்தது. ஆனால் அதே ஆய்வில், மெல்லிய மேலுறையோடு ஆபத்தானவையாகத் தோன்றிய 595 படிவுகளில் 26 மட்டுமே பின்னர் தொல்லை கொடுத்தன. படத்தில் பயமுறுத்தும் படிவுகளில் மிகப் பெரும்பாலானவை அப்படியே அடங்கிக் கிடந்தன என்பதுதான் இதன் பொருள். மேலும், சிறிய ஸ்டென்டுகளின் உட்புறத்தைச் சிடி ஆஞ்சியோ தெளிவாகக் காட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சும் சாயமும் உடலில் ஏறும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "படிவு வளர்ந்திருந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள், வளராமல் இருந்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், அந்த ஸ்கேனுக்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. மார்வலியோ மூச்சிரைப்போ வந்து மருத்துவரே பரிசோதனை கேட்டால் அது வேறு விஷயம். அதை அவசர நிதியிலிருந்து தயங்காமல் செய்யுங்கள்.

படிவைச் சுருக்குவது மருந்துதான். 2022இல் வெளியான பேக்மேன் ஏஎம்ஐ ஆய்வில், மாரடைப்பு வந்த 300 பேருக்கு கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையான ஸ்டாட்டின் வீரியமிக்க அளவில் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒரு பாதியினருக்கு கொழுப்பை மேலும் குறைக்கும் அலிரோகுமாப் ஊசியும் சேர்த்துப் போடப்பட்டது. 52 வாரங்களில் தமனிச் சுவரில் படிவின் பங்கு, ஊசி பெற்றவர்களிடம் 2.13 சதவீதப் புள்ளிகளும் மற்றவர்களிடம் 0.92 புள்ளிகளும் குறைந்தது. அந்த ஊசி எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. ஸ்டாட்டினும், எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்புக் குறைப்பு மாத்திரையும் சேர்ந்தே எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பை டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். எனவே ஓராண்டு மருந்துச் செலவையும் ரத்தப் பரிசோதனைச் செலவையும் கணக்கிட்டு, உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் முதலில் தனியாக வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் இரண்டு மாத்திரைகளை வழக்கமாக 12 மாதம் தொடரச் சொல்வார்கள். கையில் பணமில்லை என்று இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

கிளெய்ம் மறுக்கப்பட்ட கோபத்தில் இப்போதைய பாலிசியைக் கைவிட்டுவிடாதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு புதிய பாலிசி கிடைப்பது கடினம். கிடைத்தாலும் இதய நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம், பிரீமியமும் கூடலாம். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே பிரீமியத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.