முதல் ஆடிக்கு மருமகளை அனுப்பலாமா?

கேள்வி: அக்கா, வைகாசியில் மகனுக்குக் கும்பகோணத்தில் கலியாணம் செய்து மருமகளை இங்கே கூட்டி வந்தோம். ஆடி பிறக்கமுன் பிள்ளையை அழைத்துப்போக வருகிறோம் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். எங்களிடம் அப்படி வழக்கம் இல்லை. ஆடிப்பிறப்பன்று மருமகள் வீட்டில் இல்லாவிட்டால் அயலில் என்ன கதைப்பார்கள்?
வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, உங்கள் சங்கடம் விளங்குகிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போவார். மருமகளோடு ஒரே அடுப்பில் சமைக்க எல்லா மாமிமாருக்கும் வாய்ப்பதில்லை. கிடைத்த பிள்ளையை இரண்டாம் மாதமே அனுப்பச் சொன்னால் மனம் நோகத்தான் செய்யும்.

அங்கே அது பாசத்தில் வரும் அழைப்பு. ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவமாகும் என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டில் வைத்திருப்பார்கள். அப்புறம் ஆடி 18, பெருக்கு. அன்று காவிரிக் கரையில் தாலிக்கயிறு மாற்றி, எடுத்து வைத்த கலியாண மாலையை ஆற்றில் விடுவார்கள். உங்கள் மகன் கழுத்தில் கிடந்த மாலையும் அந்த வீட்டில்தான் காய்ந்துகொண்டிருக்கும். அந்தத் தாய் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆடிப்பிறப்பு ஜூலை 17 அளவில் வரும், பெருக்கு ஓகஸ்ட் 2, 3 அளவில். ஆடிப்பிறப்பன்று நாங்கள் காய்ச்சும் ஆடிக்கூழைக் குடித்துவிட்டே மருமகள் போகலாம். பிள்ளையிடம் சொல்லி அனுப்பாமல் நீங்களே சம்பந்தியம்மாவோடு கதையுங்கள். கூழ் எங்கள் வீட்டில், பெருக்கு உங்கள் வீட்டில், பெருக்குக்கு மகனும் வருவான் என்று சொல்லுங்கள். ஆடி பிறக்கமுன்தான் வரவேண்டும் என்று அவர்கள் நின்றால் விட்டுக்கொடுங்கள். ஆனி கடைசியிலேயே கூழ் காய்ச்சினால் ஒரு குற்றமும் இல்லை. அயலவர் கதை இரண்டு நாளில் ஓய்ந்துவிடும்.

இன்னொன்று. கூழ் என்றதும் அந்தப் பிள்ளைக்கு மாரியம்மன் கோயில் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும்தான் ஞாபகம் வரும். எங்கள் அயலுக்கு வாழவந்த தஞ்சாவூர்ப் பெண் எங்கள் இனிப்பான ஆடிக்கூழை முதல் வாய் குடித்துவிட்டு, "பாயசம் மாதிரி இருக்கே அக்கா!" என்று கண்ணை விரித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் சமைத்துக் கொடுக்காமல் கூடவே நிறுத்திக் காய்ச்சுங்கள். பயறு வறுக்கும் மணம், பனங்கட்டி கரையும் நேரம், தேங்காய்ச் சொட்டு எப்போது போடுவது என்பதெல்லாம் அவள் கைக்குப் பழகட்டும். கூழ் குடிக்கப் பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்தவும் காட்டிக்கொடுங்கள்.

போகும்போது பெட்டியில் இரண்டு ஓலைக் குட்டான் பனங்கட்டியும் வறுத்த பயறும் வைத்துவிடுங்கள். பெருக்கன்று கும்பகோணத்தில் அவளே காய்ச்சித் தன் அம்மாவுக்குக் கொடுப்பாள்.