ஜிஐ பைப் வெல்டிங் அடித்தால் இரவில் குளிர்காய்ச்சல்

வெல்டிங் கண்ணாடியும் கர்ச்சீப்பும் போட்டும் காய்ச்சல் வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடி வெளிச்சத்தைத்தான் தடுக்கும், கர்ச்சீப் புகையைத் தடுக்காது. ஈரத்துணியும் அப்படித்தான்.

மாந்தோப்பு கேட்டுக்கு ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், என்கிறீர்கள். பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகைதான் காரணம். உள்ளே போன சில மணி நேரம் கழித்துக் குளிர், உடம்புவலி, வாயில் உலோக ருசி. ஓரிரு நாளில் போய்விடும். லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் கடுமையாக இருக்கும்.

பூச்சு இல்லாத வெறும் கறுப்பு இரும்பு அடித்த நாட்களில் வருகிறதா, பாருங்கள். வராவிட்டால் துத்தநாகப் புகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

1. வெல்டிங் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். அந்தத் தூளுக்கும் மாஸ்க் வேண்டும்.
2. என்95 மாஸ்க், அதன்மேல் முழுமுக வெல்டிங் ஷீல்டு. மீசை பரவாயில்லை, தாடி இருந்தால் இடுக்கு விழும்.
3. திறந்தவெளியில், காற்று பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். தலையைப் புகைக்கு மேலே நீட்டாதீர்கள்.

பால் குடித்தால் சரியாகும் என்று எங்கள் கிருஷ்ணகிரி பட்டறைகளிலும் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்கு!

மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ இது வெறும் புகைக்காய்ச்சல் என்று இருந்துவிடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், என்ன உலோகம் அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.