குளிர்த் தண்ணீர் டிரையத்லான்: கேளுங்கள், சொல்கிறேன்

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து முடிக்கும் போட்டி. அதில் ஒன்றான நார்வேயின் நார்ஸ்மன் போட்டிக்கு, போட்டியாளருக்கு உதவும் துணைக் காரில் மூன்று முறை போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் பதில். இதய நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

கே: ஆகஸ்ட் மாதப் போட்டிக்கு இவ்வளவு பயமா அக்கா? நான் ஊட்டிக் குளிரில் ஓடிப் பழகியவன்.

தம்பி, காற்றுக் குளிர் வேறு, தண்ணீர்க் குளிர் வேறு. தண்ணீர் நம் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். ஹார்டாங்கர் ஃபியோர்டில் (மலைகளுக்கிடையே நீளும் கடல் பகுதி) காலை 5 மணிக்குப் படகிலிருந்து குதிக்க வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் 13 முதல் 15 டிகிரி, நீச்சல் 3.8 கி.மீ. கரையேறியதும் சைக்கிளில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீட்டர் உயரம் ஏற வேண்டும்.

கே: குதித்ததும் மூச்சு அடைக்குமாமே?

அடைக்காது, கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால்தான் ஆபத்து. ஒன்றிரண்டு நிமிடம் மல்லாந்து மிதந்து மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள், அடங்கிவிடும். படகிலேயே ஃபியோர்டுத் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சுவார்கள். வெட்கப்படாமல் போய் நில்லுங்கள். பயிற்சிக்குத் தனியாகக் குளிர்த் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கே: உடம்பெல்லாம் வாசலின் பூசினால் குளிராதா?

குளிரும். அது கழுத்தில் வெட்சூட் (குளிர்த் தண்ணீரில் நீந்தப் போடும் ரப்பர் உடை) உரசாமல் இருக்க. அதே மாதிரி நியோபிரீன் ரப்பரில் செய்த தொப்பி வாங்குங்கள்.

கே: தேங்காய் எண்ணெய்?

மேலே பாருங்கள்.

கே: கரையேறியதும் முழுக்க உடை மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். முதல் வருடம் நான் துணைக்குப் போன பையன் நேரம் மிச்சம் என்று ஈர உடைமேல் ஜாக்கெட் மாட்டினான். ஹெல்மெட் கொக்கியை விரல்கள் நாலு முறை தவறவிட்டன, கடைசியில் நான்தான் மாட்டிவிட்டேன். தண்ணீரைவிட்டு ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் உள்சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். முதலில் மார்பையும் வயிற்றையும் துடைத்து, உலர்ந்த கம்பளி உள்ளாடை. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்றத்தில் தானாகச் சூடாகிவிடும். நான் ஈரத்தோடுதான் போனேன், ஆறு நிமிடம் மிச்சம்.

ஏற்றத்தில் சூடு வரும், சரி. வியர்வையும் வருமே? அந்த ஈரத்தோடு மேலே ஹார்டாங்கர்விடா பீடபூமியில் காற்றுக்கு முகம் கொடுப்பீர்கள். அப்போது உங்கள் ஆறு நிமிடம் எங்கே போகும்?

கே: வெயில் அடித்தது அக்கா.

அதைச் சொல்லவே இல்லையே! வெயிலில் ஈரம் காய்ந்திருக்கும். 20 கி.மீ. சைக்கிள் உள்ள குறும்போட்டி என்றால் உங்கள் கட்சிதான் நானும். நார்ஸ்மனின் 180 கி.மீ. சைக்கிளுக்கு மாட்டேன். அந்தப் பையன் இறக்கத்தில் பிரேக் பிடிக்க விரல் மடங்காமல், சாலையோரம் நின்று கையை அக்குளில் வைத்துக்கொண்டு அழுதான். அடுத்த முறை கையுறைக்குள் மெல்லிய ரப்பர் கையுறை போட்டுவிட்டேன், ஃபிளாஸ்க்கில் உப்புப் போட்ட கஞ்சியும் கொண்டுபோனேன்.

கே: ஒரு வாய் பிராந்தி?

கூடாது. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடான மாதிரி தோன்றும், உள்சூடு வெளியே போய்விடும்.

கே: முதல் 160 பேருக்குக் கறுப்பு டி-ஷர்ட் என்பது உண்மையா?

ஆமாம், மலை உச்சிக்கு ஏறி முடிக்கிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு வெள்ளை. நான் துணைக்குப் போன அந்தப் பையனுக்கு வெள்ளைதான்.

கே: விளக்கெண்ணெய் பூசினால்?

உரசலுக்கு நல்லது.